பிடி அரிசியில் என் பெயர்

பகல் ஒரு மணி வாக்கில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

என் வீட்டுக் கதவை அந்த நேரத்தில் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. தவணைக்குச் சாமான் விற்கிறவர்கள், ஓட்டுக் கேட்கிறவர்கள். அது ஓட்டுக் காலம் இல்லை. அதனால் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வெளியே ஒரு மொபெட் நின்றது. பக்கத்தில் ஏரிக்கரைச் சபை எஸ்தர். நாற்பது வயதுக்காரி. நடவு, களை, நூறு நாள் வேலை என்று எது கிடைத்தாலும் போகிறவள். கையில் மூன்று அடுக்கு எவர்சில்வர் கேரியர். அதைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தது.

"இன்னா நைனா, கதவத் தொறக்க இம்மா நேரம்? சோறு ஆறிக்கினு கீது."

"யார் வூட்டுக்கு வந்த?"

"உன் வூட்டுக்குத்தான்."

"தப்பா வந்துட்ட. நான் கமிட்டி ஆளு. சோறு குடுக்கிற பக்கம்."

"தெரியும். வாங்கிக்க."

"என் பேர யார் குடுத்தது?"

"அத்தக் கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அந்தச் சட்டம் போட்ட மீட்டிங்ல நீயும்தான ஒக்காந்துகினு இருந்த?"

கேரியரைப் படியில் வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து காலி கேரியர எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மொபெட்டை உதைத்தாள். போய்விட்டாள்.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். எதிர் வீட்டு மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. நிமிராமல் இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கேரியரை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். சாப்பிடுவதற்காக அல்ல. வெளியே இருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதற்காக.

மூன்று சபைகள்

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

உத்திரமேரூரை ஒட்டி எங்கள் லுத்தரன் சபைகள் மூன்று. டவுன் சபை, ஏரிக்கரைச் சபை, எங்கள் ஊர்ச் சபை. மூன்றுக்கும் போதகர் ஒருவரே. அவரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் ஊர்ச் சபை முப்பத்தெட்டுக் குடும்பம். அதில் சொந்த நிலம் உள்ளவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். பசி என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடுகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து ஒரு துணிப்பையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை கோயிலுக்குப் போகும். முன்பெல்லாம் அதை அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு அது மாறியது. டவுன் சபையில் ஒரு தையல்காரர் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில்தான் ஆராதனைக்கு வருவார். ஒரு ஞாயிறு திருவிருந்துக்குப் பீடத்தின் முன் முழங்கால் போட்டவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில், வயிறு காலி, வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். மறுநாள் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவர்களே அரிசி மூட்டையோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். "வாங்கினா, ஞாயித்துக்கெழம உங்க பக்கத்துல எப்படி ஒக்கார்றது?" என்று கேட்டாளாம்.

அதற்குப் பிறகுதான் மூன்று சபைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசின. பிடி அரிசி எல்லாம் ஏரிக்கரைச் சபைக் கொட்டகைக்குப் போக வேண்டும். மூன்று சபைப் பெண்களும் முறை வைத்து அங்கே சமைக்க வேண்டும். சமைத்ததை யாரும் சொந்த ஊரில் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. ஏரிக்கரை ஆள் எங்கள் ஊருக்கு, எங்கள் ஆள் டவுனுக்கு, டவுன் ஆள் ஏரிக்கரைக்கு. வாங்குகிறவர் பெயர் எந்த மீட்டிங்கிலும் படிக்கப்படாது.

கடைசி இரண்டும் எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

கலப்பு

அவர்கள் முதல் நாள் சமைத்த சோற்றை நான் பார்த்தேன். மூன்று சபை வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் புழுங்கல், ரேஷன் பச்சை, யாரோ ஒரு புண்ணியவதி பிரியாணிக்கு வாங்கிய சீரகச் சம்பா. பச்சரிசி குழைந்து கூழாகிவிட்டது. ரேஷன் புழுங்கல் பல்லில் நறநறவென்றது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளில் ஒரு கிழவர், "இது சோறா, ஜல்லியும் சிமெண்டுமா?" என்று கேட்டாராம்.

உடனே சண்டை. டவுன்காரர்கள், "நாங்க பொன்னி போட்டோம், ரேஷன் அரிசி போட்டது யாரு?" என்றார்கள். ஏரிக்கரைக்காரர்கள், "நாங்க திங்கறதத்தான் நாங்க குடுப்போம்" என்றார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி. ஆளில்லாத நேரத்தில் எங்கள் கோயில் பைகளில் கைவிட்டுப் பார்த்தவன் நான்; யார் வீட்டுப் பையில் என்ன அரிசி என்று எனக்கு முன்பே தெரியும்.

சண்டையை முடித்து வைத்தவர் வாலாஜாபாத் மில்காரர். கலப்பு அரிசியைக் கோழித் தீவனத்துக்கு என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்கத்தான் ஐயர் போயிருந்தார். மில்காரர் சிரித்தாராம். "நொய்யா ஒடச்சிட்டா எல்லா அரிசியும் ஒரே ஜாதிதான் ஐயரே" என்றாராம். அன்றிலிருந்து நொய்க்கஞ்சி, நொய்ப் பொங்கல், நொய் உப்புமா. கூட ஒரு கீரை, கொள்ளுத் துவையல். சனிக்கிழமை முட்டை. உடைந்த பிறகு எது யார் வீட்டு அரிசி என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குத்தூசி பிடித்த கை

போன வாரம் நெல் கொள்முதல் நிலையத்துப் பெருச்சாளிகளைப் பற்றி எழுதியிருந்தேன். பலர் சிரித்ததாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் சிரிப்பதற்காக எழுதவில்லை.

அந்த நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கிற குத்தூசியைப் பிடித்துப் பிடித்து என் வலது கட்டைவிரலில் இன்றும் ஒரு காய்ப்பு இருக்கிறது. மேலே நல்ல நெல், நடுவில் போன வருஷத்துப் பூஞ்சணம் பிடித்த நெல், அடியில் ஈர மண். வியாபாரிகள் வைக்காத வேலை இல்லை. மூட்டை வாயை மட்டும் பார்த்து நம்பியவன் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை ஓய்வு பெற்றதும் கழற்றி வைக்க முடியாது.

அதனால் கமிட்டியில் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "எத்தன பேரு சாப்புடறாங்க? யார் யாரு? பேரப் படிச்சாத்தான என்ன? ரேஷன்ல அரிசி சும்மாவே போடற ஊர்ல பட்டினி எங்கேந்து வந்துச்சு?"

ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் தேவசகாயம் பொறுமையானவர். அவர்தான் பதில் சொல்வார். "ரேஷன் மிஷின்ல கைரேக விழாதவங்க இருக்காங்கண்ணே. அரிசி இருந்தும் அடுப்புகிட்ட நிக்க முடியாதவங்க இருக்காங்க. ஆக்கித் தின்ன மனசு இல்லாதவங்களும் இருக்காங்க."

"மனசு இல்லாததெல்லாம் பட்டினியாய்யா?" என்று நான் கேட்டேன். கமிட்டியில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை.

பச்சைப் பை

என் மனைவி ஞானம் போன வருஷம் காலமானாள். அதைப் பற்றி இந்தத் தொடரில் நான் எழுதப் போவதில்லை. அவள் இல்லாத சமையலறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். சோறு வடிப்பேன், ரசம் வைப்பேன். முதல் மாதம் வைத்தேன். ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. மூட்டை மூட்டையாக எடைபோட்டவனுக்கு ஒரு ஆளுக்கான அளவு வரவில்லை. மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் அதைக் கொட்டினேன். பிறகு ஒரு நாள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் வைக்கவில்லை.

காலையில் டீ, தொட்டுக்கொள்ள இரண்டு பொறை. மத்தியானம் வாழைப்பழம். சாயங்காலம் ரஹீம் பாய் கடையில் ரொட்டி. சர்க்கரை மாத்திரையை மட்டும் மூன்று வேளையும் தவறாமல் போட்டுக்கொண்டேன். பெல்ட்டில் இருந்த கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் புதிதாக ஒன்று போட்டேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு தடவை கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கம்பத்தைப் பிடித்து நின்றேன். வெயில் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிடி அரிசி ஒரு பிரச்சினையாக வந்தது. உலை வைத்தால்தானே பிடி எடுக்க முடியும்? ஞானத்தின் பழைய பச்சைப் புடவையில் தைத்த பை அது. காலிப் பையோடு கோயிலுக்குப் போனால் கமிட்டி ஆள் என்று எப்படி உட்காருவது? அதனால் சனிக்கிழமை தோறும் ரஹீம் பாய் கடையில் ஒரு கிலோ பொன்னி வாங்கிப் பையில் கொட்டினேன். எடை சரி, அரிசி நயம். ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

யார்?

இப்போது கேரியருக்கு வருகிறேன்.

அன்று அதை நான் திறக்கவில்லை. துவையல் வாசனை மட்டும் மூடியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதை மறப்பதற்காக யார் என் பெயரைக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

முதல் ஆள் உபதேசியார். சோற்றைக் கொடுத்துவிட்டால் கிழவன் கமிட்டியில் வாய் திறக்க மாட்டான் என்ற கணக்கு. சாப்பிடுகிறவன் கேள்வி கேட்க முடியுமா? இது எனக்கு உடனே பொருந்தியது.

இரண்டாவது என் மகள். தாம்பரத்தில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டேன்.

"நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியாம்மா?"

"எதப் பத்திப்பா?"

"என் சாப்பாட்டப் பத்தி."

"ஏன், சாப்பாட்டுக்கு என்ன? நல்லாத்தான சாப்புடறேன்னு சொன்னீங்க?"

பேச்சை மாற்றிவிட்டேன். பெயர் கொடுத்தது அவள் இல்லை என்று தெரிந்தது. புதிதாக ஒரு கவலையை அங்கே கிளப்பிவிட்டதுதான் மிச்சம்.

மூன்றாவது ரஹீம் பாய். சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"பாய், எங்க சபை ஆளுங்க யாராவது என்னப் பத்தி விசாரிச்சாங்களா?"

"உங்க சபை ஆளு ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதே இல்ல சார். எல்லாம் டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பூடறாங்க. நீங்க ஒருத்தர்தான் வாரம் ஒரு கிலோ எடுக்கறீங்க." கொஞ்சம் தயங்கினார். "ஆனா சார், அத்த வாங்கினுபோய் இன்னா பண்றீங்க? அரிசி வாங்கினு போறீங்க, அப்பறம் ரொட்டி எதுக்கு?"

ரொட்டியை வாங்காமல் வந்துவிட்டேன். அன்று இரவு வெறும் டீதான்.

மறுநாள் எஸ்தர் வந்து கேரியரைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. மூடியைத் திறந்தாள். ஊசிப்போன வாடை என் மூக்குக்கே வந்தது.

"நேத்து சமச்சது டவுன் சபை அக்காங்க முறை. காலீல அஞ்சு மணிக்கு பஸ் புடிச்சு வந்து ஆக்கினாங்க. நாய்க்காவது வெச்சிருக்கலாமே நைனா."

அவள் புதுக் கேரியரைப் படியில் வைத்தாள். அதையும் நான் திறக்கவில்லை. மானம் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பை சொன்னது

மூன்றாம் நாள் கதவைத் திறக்க எழுந்தவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. எஸ்தரே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முதலில் கொஞ்சம் சர்க்கரை போட்ட தண்ணீர். பிறகு சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். பிறகு திட்டினாள்.

"ஆஸ்பத்திரில வந்து பேர் படிக்கச் சொல்லுவியா? அங்க சத்தமாத்தான் படிப்பாங்க."

"யார் குடுத்தது? உபதேசியாரா?"

"அந்தாளு பாவம், ஒண்ணும் தெரியாது அவருக்கு."

"பின்ன யாரு?"

கேரியரைத் திறந்து தட்டில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள். "உன் பேர யாரும் குடுக்கல நைனா. உன் பைதான் குடுத்துது."

எனக்குப் புரியவில்லை.

"கொட்டகைல பைய நாங்கதான கொட்டறோம்? எல்லா வூட்டுப் பையும் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் எறங்கும். விருந்தாளி வந்தா கூட ஒரு பிடி வுழும். ஜொரம் வந்து படுத்தா ஒண்ணுமே வுழாது. ஒரு நாளு இட்லி அரிசி, ஒரு நாளு ரேஷன் அரிசி, ரெண்டு உளுந்து, ஒரு வண்டு. இதான் அடுப்பு எரியற வூட்டுப் பை. உன் பை வாராவாரம் தராசுல நிறுத்த மாதிரி வருது. ஒரே அரிசி. ஒரு வண்டு இல்ல. பச்சப் பையக் கொட்டும்போது டவுன் அக்கா ஒண்ணு சொல்லிச்சு, இது பிடி அரிசி இல்ல, கட அரிசின்னு. மொதல்ல மூணு சபப் பொம்பளைங்களும் சிரிச்சோம். கமிட்டிக்காரரு நமக்கே டிமிக்கி குடுக்கறாருடின்னு. அப்பறம் ஒருத்தி, 'அப்ப அந்த வூட்ல ஒல வெக்கலியா?'ன்னு கேட்டா. யாரும் சிரிக்கல."

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடு. நான் பாத்தா வெக்கமா கீதுன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

சொன்னபடியே திரும்பி உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டேன். சூடு தொண்டையில் இறங்குவது வயிறு வரைக்கும் தெரிந்தது. துவையலில் உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டாவது தடவை நானே ஊற்றிக்கொண்டேன்.

அவள் சொன்னதை நான் அன்று முழுசாக நம்பிவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் பைகளை வரிசையாக வைத்திருந்த இடத்துக்குப் போய் ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது. எத்தனையோ தடவை கைவிட்ட அதே பைகள்தான். அரிசி என்ன வகை என்று பார்த்திருக்கிறேன். அளவு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை.

மீட்டிங்

அதற்குப் பிறகு வந்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பலமாக யோசித்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று பேசுவார்கள். அதனால் போனேன். வழக்கமாக உட்காருகிற முதல் வரிசையை விட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

டவுன் சபையிலிருந்து புது உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். எபிநேசர் என்று பெயர். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஜெபம் முடிந்ததும் எழுந்தார்.

"டவுன் சபைதான் நிறைய அரிசி கொடுக்குது. யாருக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியணும். பேரைப் படிங்க, எழுதிக்கறேன். இல்லேன்னா இனிமே டவுன் அரிசி டவுன்லயே இருக்கட்டும். நாங்களே பார்த்துக்கறோம்."

ஐயர் விதியைச் சொன்னார். தையல்காரர் விஷயத்தையும் சொன்னார். எபிநேசர் அசையவில்லை.

"ஒளிக்கறதுக்கு எதுவும் இல்லேன்னா ஏன் ஒளிக்கறீங்க?" என்றார். என் பக்கம் திரும்பினார். "சார்கூட ரொம்ப நாளா இதைத்தான் கேட்டுக்கிட்டு வர்றார்னு சொன்னாங்க. நீங்க சொல்லுங்க சார்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் கேட்ட கேள்வி, நான் கேட்ட அதே தோரணை. அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. இன்றைக்கும், பெயர் இல்லாமல் ஒரு காரியம் நடந்தால் எனக்கு உள்ளுக்குள் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் டவுன் அரிசி நின்றால் கொட்டகை ஒரு வாரம் தாங்காது. அது எனக்குக் கணக்குப் போடாமலே தெரியும்.

உபதேசியார் தேவசகாயம் என்னைப் பார்த்தார். எஸ்தர் சொன்னது சரிதான், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எபிநேசர் பக்கம் பேசப் போகிறேன் என்று முகத்தைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். சமையல் முறைப் பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்களில் எஸ்தரும் இருந்தாள். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

எழுந்தேன். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"பேனாவ எடுங்க சார்."

எபிநேசர் எடுத்தார்.

"மொதல் பேரு என்னுது. எழுதிக்கோங்க. வெள்ளிக்கெழம தவிர தெனமும் ஒரு கேரியர். ஏரிக்கரைலேந்து வருது. நேத்து நொய்ப் பொங்கல்."

எபிநேசர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"எழுதிட்டீங்களா?"

அவர் பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது. "சார், நான் உங்கள..." என்றார்.

"என் பேர நான் சொல்லலாம். மிச்சப் பேரு என்னுது இல்ல. இதுக்கு மேல வேணும்னா, இங்க ஒக்காந்துகினு இருக்கறவங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்துக் கேளுங்க."

எபிநேசர் கேட்கவில்லை. பேனாவின் மூடியைப் போடுகிற சத்தம் கேட்டது. அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்று ஐயர் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். அறையில் இருபத்து மூன்று பேர். அந்த நிமிஷம் யார் தலையைக் குனிந்தார்கள், யார் கைக்குட்டையை எடுத்தார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்திருந்தால், இன்னும் நான்கைந்து பெயர் எனக்குத் தெரிந்திருக்கும். கண்டுபிடிக்கிற கண் என்னுடையது.

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தை நிமிர்த்தி அதன் இறக்கைகளை எண்ண ஆரம்பித்தேன். ஓடுகிற ஃபேனில் இறக்கையை எண்ண முடியாது. எல்லாரும் எழுந்து போகும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.